முதன்முறையாகப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குபவருக்கு: கொழும்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை முதன்முறையாக வாங்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் பதிவுப் புத்தகம், இரண்டாவதாக எஞ்சின். பெயின்ட், குரோமியப் பளபளப்பு, ஆசனத்தின் தையல் எல்லாம் கடைசியில்தான். அவற்றைப் பணம் கொடுத்துப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம். பத்திரத்தில் உள்ள குறையை எந்தப் பட்டறையிலும் தட்டி நிமிர்த்த முடியாது. இந்த ஒழுங்கை மாற்றி, கண்ணுக்குப் பிடித்ததை முதலில் வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தவர்களின் வண்டிகள்தான் இன்று பல வீடுகளின் கராஜ்களில் தார்ப்பாயின் கீழ் நிற்கின்றன.

எந்த வண்டி

பழைய வண்டி என்றதும் பலருக்கு பிஎஸ்ஏ, டிரையம்ப், நோர்ட்டன் போன்ற பிரித்தானியப் பெயர்களே நினைவுக்கு வருகின்றன. அவை அருமையான வண்டிகள்தான். ஆனால், முதல் வண்டியாக 1970களிலோ 1980களிலோ தயாரான சிறிய ஜப்பானிய வண்டி ஒன்றையே நான் பரிந்துரைப்பேன், குறிப்பாக ஹொண்டா சி50, சி70, சி90 வரிசையில் ஒன்றை. 1958இல் அறிமுகமான சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. அந்தக் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தாண்டியது. அந்த எண்ணிக்கையின் பயன் வாங்குபவருக்கு நேரடியாகவே வந்து சேர்கிறது: பிஸ்டன், ரிங், பாயின்ட் (பிளக்கில் தீப்பொறி வரும் கணத்தைத் தீர்மானிக்கும் சிறிய சுவிட்ச்), கார்பரேட்டர் ஜெட் போன்றவை இன்றும் புதிதாகத் தயாராகின்றன. 17 அங்குல டயரை எந்த டயர்க் கடையிலும் வாங்கலாம். 1948இல் வந்த பிஎஸ்ஏ பான்டம் டி1 வண்டிக்கோ 19 அங்குல டயர் வேண்டும். அதைத் தேடியே ஒரு மாதம் போய்விடும்.

சாரதி அனுமதிப்பத்திரத்தையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். 100 சி.சி. வரையான வண்டிக்கு ஏ1 வகுப்பு போதும். அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். 72 சி.சி. கொண்ட சி70 முதல் வகையில் அடங்கும். 123 சி.சி. கொண்ட பான்டம், சிறிய வண்டியாகத் தோன்றினாலும், இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இரண்டடி (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினா நான்கடி (போர்-ஸ்ட்ரோக்) எஞ்சினா என்ற கேள்விக்கு என் விடை நான்கடி என்பதே. இரண்டடி எஞ்சினின் அமைப்பு எளிது, கழற்றிப் பூட்டவும் சுலபம். ஆனால் பெற்றோலுடன் ஒயிலை ஒவ்வொரு முறையும் அளந்து கலக்க வேண்டும். 25க்கு 1 என்றால் லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். அவசரத்தில் ஒருமுறை அதை மறந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும்.

பத்திரங்கள்

வண்டியின் இலக்கத் தகடே அது எந்தக் காலத்தில் பதிவானது என்பதைச் சொல்லும். ஆங்கில எழுத்துத் தொடர்கள் மிகப் பழையவை. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடு வந்தது. அந்த எழுத்தை எதிர்த்து அன்று தமிழர்கள் நடத்திய போராட்டத்தை நம் மூத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் பின்னர் நடுவில் கோடிட்ட வெறும் இலக்கத் தொடர்களும், 2000 முதல் மாகாண எழுத்துகளைக் கொண்ட தகடுகளும் வந்தன. 1960களின் வண்டி என்று சொல்லப்படும் ஒன்றில் மிகப் பிந்திய தொடரின் தகடு இருந்தால், அதற்கான காரணத்தை விற்பவரிடம் கேட்டு, அவர் சொல்வதைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

பதிவுப் புத்தகத்தில் மூன்று இடங்களை விரல் வைத்து வாசியுங்கள்: செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், தற்போதைய உரிமையாளரின் பெயர். முதல் இரண்டையும் வண்டியில் பொறிக்கப்பட்டிருப்பவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். அழுக்கு மூடியிருந்தால் துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பொறித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். புதிதாக அடிக்கப்பட்ட எழுத்தைச் சுற்றி உலோகம் சற்று மேடிட்டிருக்கும்.

நான் வாங்கிய முதல் சி70இல் செசி இலக்கம் சரியாக இருந்தது. எஞ்சின் இலக்கத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். உண்மையில் யாரோ எப்போதோ வேறொரு எஞ்சினைப் பூட்டி, அதைத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருந்தார்கள். அதை முறைப்படி திருத்தி முடிக்க எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதமும் வண்டி வீட்டுப் படிக்கட்டின் கீழேயே நின்றது.

புத்தகத்தில் பெயர் உள்ளவரும் விற்பவரும் ஒருவரேதானா என்பது அடுத்த கேள்வி. பழைய வண்டிகள் பல, கையெழுத்து மட்டும் இட்ட மாற்றப் படிவங்களோடு நான்கைந்து கைகள் மாறியிருக்கும். இதை எல்லோரும் ‘ஓப்பன் பேப்பர்’ என்கிறார்கள். புத்தகத்திலுள்ள உரிமையாளர் இறந்திருந்தாலோ வெளிநாடு போயிருந்தாலோ, அந்தப் படிவங்கள் உங்கள் பெயருக்கு வண்டியைக் கொண்டுவந்து சேர்ப்பது மிகவும் கடினம். எனவே உரிமையாளரை நேரில் பார்க்காமல், அவருடைய அடையாள அட்டையின் பிரதியைப் பெறாமல், முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ஒரே நாளில் போய், உரிமை மாற்றத்தை அங்கேயே முடித்துவிடுவதே பாதுகாப்பானது. அந்தப் புத்தகத்தில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

வருமான அனுமதிப்பத்திரம் எந்த ஆண்டுவரை செலுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். பல ஆண்டுகள் விடுபட்டிருந்தால், எவ்வளவு நிலுவை சேர்ந்திருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் விசாரித்து, அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும். அதைப் புதுப்பிக்கும்போது காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கப்படும்.

இதையெல்லாம் வெறும் காகித வேலை என்று எண்ணியவர்களுக்கு 2022 நல்ல பாடமாக அமைந்தது. அந்த ஆண்டு ஜூலையில் எரிபொருளுக்கான கியூஆர் முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று ஒதுக்கினார்கள். பதிவு செய்ய வாகன இலக்கத்தோடு செசி இலக்கமும் தேவைப்பட்டது. பத்திரம் சரியாக இருந்தவர்கள் அந்த 4 லீற்றரில் சி70ஐ ஒரு வாரம் தாராளமாக ஓட்டினார்கள். மற்றவர்கள் வண்டியை நிறுத்திவைத்தார்கள்.

பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் முதல் வேலை, எஞ்சின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் நான் பார்க்கப் போன ஒரு வண்டியின் சிலிண்டர் துடுப்புகள், காலை ஏழரை மணிக்கே தேநீர்க் கோப்பை அளவுக்குச் சுட்டன. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. மறுநாள் சொல்லாமல் போனேன். பதினேழு முறை உதைத்த பிறகே அது உயிர் பெற்றது, நீலப் புகையோடு. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்.

உதைப்பதற்கு முன்னர், சாவி போடாமல் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் தெளிவான எதிர்ப்புத் தோன்றி, சில கணங்கள் நின்று, பிறகு விலக வேண்டும். எந்த எதிர்ப்பும் இல்லாமல் கீழே இறங்கினால் ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆன பிறகு புகையைப் பாருங்கள். முதல் நிமிடம் வரும் வெண்மையான ஈரம் கவலைக்குரியதல்ல. ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அதற்கான செலவு சிறிது. அக்சிலரேட்டரைத் திருகத் திருக விடாமல் நீலமாக வந்தால் சிலிண்டரைப் போர் அடிக்க (உட்சுவரைக் கடைந்து அகலமாக்க) வேண்டியிருக்கும். கரும்புகை பெரும்பாலும் கார்பரேட்டர் சம்பந்தப்பட்டது.

போர் அடிக்க வேண்டும் என்று தோன்றினால், இதற்கு முன் எத்தனை முறை போர் அடித்திருக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஜப்பானிய வண்டிகளுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என நான்கு படிகளில் கிடைக்கும். நான்காவது படியில் இருக்கும் சிலிண்டருக்குப் புதிய ஸ்லீவ் (உள்ளுறை) இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவு முற்றிலும் வேறு அளவிலானது.

அடுத்து சட்டம். முன் சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் அது தங்கினால் ஹேண்டில் பெயாரிங் பள்ளம் விழுந்திருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷின் தேய்மானம் தெரியும். ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, சட்டத்தின் மற்ற இடங்களைவிடப் புதிதான பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள்; அங்கே ஒட்டுவேலை செய்திருந்தால் அந்த வண்டி ஒருமுறை எதன் மீதோ பலமாக மோதியிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், முதல் வண்டியாக வாங்க வேண்டாம்.

பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடியுங்கள். செம்மண் நிறத்தில் பொடி இருந்தால் அது ஒவ்வொரு வாரமும் கார்பரேட்டருக்கு வந்து சேரும். சக்கரக் கம்பிகளைப் பேனையால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி மணிபோல் ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ தேயாதிருந்தாலும் பழைய ரப்பர் இறுகிவிடும், நனைந்த வீதியில் பிடிக்காது.

விலையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழையவற்றின் விலையும் கூடவே ஏறியது. 2025 தொடக்கத்தில் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பிறகும் பல விற்பனையாளர்களின் மனதில் பழைய கணக்கே இருக்கிறது. உங்கள் கையிலுள்ள தொகையில் மூன்றிலொரு பங்கை முதல் ஆண்டின் திருத்த வேலைக்காக ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியில் மட்டும் பேரம் பேசுங்கள்.

முதல் மாதம்

வாங்கிய வாரத்திலேயே வண்டியை முழுதாகக் கழற்றும் ஆசை வரும். வேண்டாம். ஓடுகிற வண்டியை ஓட்டியபடியே ஒவ்வொன்றாகச் சரிசெய்தால், எந்த வேலை எந்த மாற்றத்தைத் தந்தது என்று தெரியும். மொத்தமாகப் பிரித்துப் பெட்டிகளில் போட்டவை திரும்பப் பூட்டப்படுவது அரிது.

முதலில் பிரேக். ட்ரம்மைத் திறந்து லைனிங்கின் தடிப்பைப் பாருங்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால் உள்ளே இருக்கும் தூசியை ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி வீசிவிடுங்கள். பிரேக், கிளச், அக்சிலரேட்டர் கேபிள்களின் நுனியில் ஓரிழை அறுந்திருந்தாலும் முழுக் கேபிளையும் மாற்றுங்கள்.

பிறகு எஞ்சின் ஒயில். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்து, அதை ஒரு வெள்ளைத் துணியின் வழியே ஊற்றிப் பாருங்கள். மிக நுண்ணிய பளபளப்பு இயல்பானது; விரலில் தட்டுப்படும் துகள்கள் இருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கப் வரிசை வண்டிகளில் மாற்றக்கூடிய ஒயில் பில்டர் கிடையாது. ஆகவே 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது எஞ்சினுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி. காருக்கான ஒயிலை ஊற்றினால் ஒயிலுக்குள் நனைந்திருக்கும் கிளச் வழுக்கத் தொடங்கலாம். போத்தலில் ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்று இருப்பதையே வாங்குங்கள். அளவுகோலால் மட்டத்தைப் பார்க்கும்போது அதைத் திருகி இறுக்காமல் ஒயில் துளையின் விளிம்பில் வைத்து எடுத்தே பார்க்க வேண்டும்.

பெற்றோல் 92 ஒக்டேன் போதும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. பழைய இரும்புத் தலை கொண்ட பிரித்தானிய நான்கடி எஞ்சின்களில் இதனால் வால்வு இருக்கை மெல்லத் தேய்ந்து, டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையிலான இடைவெளி) குறைந்துகொண்டே போகலாம். அத்தகைய வண்டியில் அந்த இடைவெளியை அடிக்கடி அளக்க வேண்டும்.

கருவிகளில் கவனம் தேவை. ஜப்பானிய வண்டியின் நட்டுகள் மில்லிமீற்றர் அளவிலானவை. பழைய பிரித்தானிய வண்டியின் நட்டுகளுக்கு விட்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அளவிலான ஸ்பேனர் வேண்டும். அதில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது, நட்டின் அகலத்தையல்ல. கிட்டத்தட்டப் பொருந்துகிற மில்லிமீற்றர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும். ஜப்பானிய ஸ்குரூக்களின் தலையும் நாம் கடையில் சாதாரணமாக வாங்கும் ஸ்டார் ஸ்குரூ டிரைவருக்குச் சற்று வேறுபட்டது. அதனால்தான் பழைய ஹொண்டா கவர்களின் ஸ்குரூத் தலைகள் எல்லாம் கிழிந்திருக்கின்றன. ஜப்பானியத் தரத்திலான டிரைவர் ஒன்றையும் சுத்தியலால் தட்டித் திருகும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பாயின்ட் வைப்பது

பழைய வண்டி வைத்திருப்பவர் தம் கையால் கற்க வேண்டிய ஒரு வேலை இருக்குமானால் அது இதுதான். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் சண்டித்தனம் செய்யும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் நோய் இங்கேதான் இருக்கிறது.

சி70இல் இடப்பக்க மெக்னட் கவரைக் கழற்றினால் பிளைவீல் தெரியும். அதிலுள்ள துளை வழியே, எதிரெதிரே தொட்டு நிற்கும் இரண்டு சிறிய உலோகப் பொட்டுகளைக் காணலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளைவீலைக் கையால் இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். பொட்டுகள் விலகி மூடும். முழுதாக விலகிய நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பொட்டின் முகம் குழிவிழுந்து கறுத்திருந்தால் மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு மட்டும் இழுத்து, பெற்றோலில் நனைத்த அட்டைத் துண்டை இடையில் விட்டுத் துடையுங்கள். அட்டை கறுப்பில்லாமல் வெளியே வரும்வரை துடைக்க வேண்டும். மிஞ்சிய எண்ணெய்ப் படலமே மறுபடி கருகும்.

அதன் பிறகு டைமிங், அதாவது தீப்பொறி வரும் கணம். மிக மெல்லிய தாள் துண்டொன்றைப் பொட்டுகளுக்கிடையே வைத்து, மெதுவாக இழுத்துப் பிடித்தபடி பிளைவீலைச் சுற்றுங்கள். பிளைவீலில் உள்ள எப் (F) என்ற குறி நிலையான கோட்டுக்கு வரும் அந்தக் கணத்தில் தாள் நழுவி வர வேண்டும். முன்னரோ பின்னரோ வந்தால் தட்டின் ஸ்குரூவைத் தளர்த்தி மயிரிழையளவு நகர்த்தித் திரும்பப் பாருங்கள். முதல் முறை எனக்கு ஒரு மாலைப்பொழுதே எடுத்தது, இப்போது இருபது நிமிடம். பொட்டுகள் சில வாரங்களிலேயே மீண்டும் குழிவிழுந்தால் பொட்டுகளைக் கருகாமல் காக்கும் கண்டன்சர் பலவீனமாகியிருக்கிறது, அதை மாற்றுங்கள்.

கவரைத் திறந்திருக்கும்போதே, எஞ்சின் குளிர்ந்த நிலையில், டி (T) குறியைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் அழுத்த நிலையில் நிறுத்தி இரண்டு டாப்பெட்டுகளையும் 0.05 மில்லிமீற்றருக்கு வைத்துவிடலாம். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர்.

மின்சாரத்தில் இன்னொரு எச்சரிக்கை. பழைய வண்டிகள் பல 6 வோல்ட் கொண்டவை. பற்றரி செத்த நிலையில் ஓட்டினால் மின்னழுத்தம் கட்டுப்பாடின்றி ஏறி பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து போகும். பல்பை மாற்றிக்கொண்டிருக்காமல் பற்றரியை மாற்றுங்கள். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் சட்டத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். பழக்கத்தில் எதிர்முனையை இணைத்தால் மின்சாரத்தை ஒரே திசையில் செலுத்தும் ரெக்டிபயர் கருகிவிடும்.

பஞ்சிகாவத்தையும் பாஸ்மாரும்

பாகங்களுக்கு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தைதான் முதல் இடம். அங்கே போகும்போது பாகத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் பழைய பாகத்தையே கையில் கொண்டுபோங்கள். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கும். மீற்றர், பக்கக் கவர், தாங்கி மூடி போன்றவை அசலாகக் கிடைத்தால் உடனடித் தேவை இல்லாவிட்டாலும் வாங்கிவைக்கலாம். பிரேக், கேபிள், செயின் போன்ற உயிர்காக்கும் பாகங்களைப் பழையதாக வாங்கவே கூடாது.

மெக்கானிக்கைத் தேர்வதில் எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. நல்ல பாஸ் வண்டியைக் கழற்றுமுன் அதன் சத்தத்தைக் கேட்பார், கேள்வி கேட்பார். பாயின்டைக் கழற்றி வீசிவிட்டு வேறு வண்டியின் சிடிஐ (மின்னணுப் பற்றவைப்பு) பூட்டலாம் என்று முதல் நாளே சொல்பவரிடம் பழைய வண்டியை விடாதீர்கள். மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும், மீற்றர் அளவோடும் திகதியோடும், ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

கடற்காற்றும் மழையும்

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடற்கரைப் பக்கம் வசிப்பவர்களின் வண்டிக்கு உப்புக் காற்றே பெரும் எதிரி. ரிம், கம்பி, சைலன்சர் மூன்றையும் வாரமொருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாக உலர்த்தி, மெழுகு பூசுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடினால் உள்ளே வியர்த்து இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். காற்றுப் புகும் பருத்தித் துணியே நல்லது.

மாலை ஐந்து மணிக் காலி வீதி நெரிசலில் காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்றே கிடைக்காது. சமிக்ஞையில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். மழையில் தேங்கிய நீரைக் கடந்து வந்தால் ட்ரம் பிரேக் பிடிக்காது. சிறிது தூரம் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி ஓட்டி லைனிங்கை உலர்த்திய பிறகே வேகம் எடுக்க வேண்டும்.

மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் வண்டியைச் சில வாரங்கள் நிறுத்திவைப்பதானால், ஈரக்காற்று உள்ளே படியாதபடி தாங்கியை விளிம்புவரை நிரப்புங்கள். பெற்றோல் குழாயை மூடி, கார்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து மிதவைக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். தேங்கிய பெற்றோல் பிசினாகி ஜெட்டின் மயிர்த்துளையை அடைத்துவிடும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். மீண்டும் எடுக்கும் நாளில், சாவி போடாமல் கிக்கரைப் பத்து முறை மெதுவாக அழுத்தி ஒயிலை மேலே ஏற்றிவிட்டு, அதன் பிறகே பெற்றோல் குழாயைத் திறந்து, சொக்கை இழுத்து, உதையுங்கள்.